பைலட் பேசுவதை வீட்டிலிருந்தே கேட்கலாமா? விபத்து ஆடியோக்கள் வெளியே வருவது எப்படி... இந்தியாவில் ஏன் அது நடப்பதில்லை?

2025 ஜனவரி 29 இரவு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த பயணிகள் விமானமும், ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் பொடோமாக் ஆற்றுக்கு மேலே மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 67 பேரும் உயிரிழந்தனர்.

விசாரணை அதிகாரிகள் வாயைத் திறப்பதற்கு முன்பே, மோதலுக்கு முந்தைய விநாடிகளில் கோபுரத்திலிருந்து என்ன பேசப்பட்டது என்பது உலகம் முழுக்க டிவியிலும் செல்போனிலும் ஓட ஆரம்பித்துவிட்டது. "அந்த விமானம் கண்ணுக்குத் தெரிகிறதா?" என்று ஹெலிகாப்டரிடம் கேட்கிறார் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். அடுத்து, "அதற்குப் பின்னால் கடந்து போங்கள்" என்கிறார். அப்புறம் மோதல்.

இந்த ஆடியோவை அரசு வெளியிடவில்லை. யாரும் திருடிக் கசியவிடவும் இல்லை. விமான ரேடியோவைக் கேட்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் சாதாரண மனிதர்கள், தங்கள் வீட்டு ஆன்டெனாவில் பிடித்து 'லைவ்ஏடிசி' என்ற இணையதளத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நேரலையில் அது பதிவாகியிருந்தது. எந்தச் செய்தி நிறுவனமும் கேட்காமலேயே, 24 மணி நேரமும் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இது எப்படி சாத்தியம்?

நம்ம ஊர் எஃப்.எம். ரேடியோ 108 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் மேலே, 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும் அலைவரிசையில்தான் பைலட்டும் கன்ட்ரோலரும் பேசுகிறார்கள். உலகம் முழுக்க இதே அலைவரிசைதான். இந்தப் பேச்சுக்குப் பூட்டு கிடையாது. ரகசியக் குறியீடு எதுவும் இல்லை. அந்த அலைவரிசையைப் பிடிக்கும் ரேடியோ யாரிடம் இருந்தாலும் காதில் விழும்.

ஒரு காலத்தில் இதற்கு 'ஸ்கேனர்' என்ற தனிக் கருவி வேண்டும். 2012 வாக்கில், கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காக விற்கப்பட்ட ஒரு மலிவான யு.எஸ்.பி. கருவியைப் பல அலைவரிசைகளைப் பிடிக்கும் ரேடியோவாக மாற்றலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதோடு இந்தப் பொழுதுபோக்கு சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் முடிகிற சமாச்சாரம் ஆகிவிட்டது. கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்று, மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா, இன்டர்நெட் இணைப்பு. அவ்வளவுதான்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. இந்த அலைகள் நேர்கோட்டில்தான் போகும். 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல் 400 கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும். ஆனால் நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கோபுரத்தின் குரல், நடுவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் இருந்தால் கேட்காமலேயே போகலாம். அதனால் பல நேரலைகளில் பைலட் பேசுவது தெளிவாக இருக்கும், கன்ட்ரோலர் சொல்வது கரகரவென்று இருக்கும், இல்லாவிட்டால் இருக்கவே இருக்காது.

இதில் என்ன சுவாரஸ்யம்?

உண்மையைச் சொன்னால், பெரும்பாலான நேரம் ஒன்றுமே நடக்காது. "உயரம் இவ்வளவு, திசை இவ்வளவு, அடுத்த அலைவரிசை இது." பைலட் அதையே திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொல்வதில் ஒரு எண் தவறினால் கன்ட்ரோலர் திருத்துவார். இந்தத் தாளகதிக்காகவே கேட்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய இசையோடு இந்தப் பேச்சைக் கலந்து ஒலிக்கவிடும் இணையதளம்கூட இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பவர்களும் தூங்கப் போகிறவர்களும் உண்டு!

கொஞ்ச நாள் கேட்டால் மொழி பிடிபட ஆரம்பிக்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்துக்கு ரேடியோவில் பெயர் 'ஸ்பீட்பேர்ட்'. 9 என்பதை 'நைனர்' என்பார்கள், 5 என்ற எண்ணோடு குழம்பிவிடக் கூடாதே என்பதற்காக. ஓடுபாதை எண் என்பது திசைகாட்டியின் பாகைதான், கடைசி இலக்கத்தை வெட்டிவிடுவார்கள். சென்னையின் முதன்மை ஓடுபாதையை ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் சொல்வது இதனால்தான்.

கன்ட்ரோலர்களுக்கு ரசிகர்களும் உண்டு. நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் விமானங்களைத் தரையில் நகர்த்தும் பணியில் இருந்த ஒருவர், நெரிசலுக்கு நடுவே அடித்த நக்கல்களால் 'கென்னடி ஸ்டீவ்' என்று யூடியூப்பில் பிரபலம் ஆனார். விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்கோஷ் நகரில் கோடையில் ஒரு வாரம் விமானத் திருவிழா நடக்கும். சின்னச் சின்ன விமானங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். அங்கே பைலட்டுகள் பதில் பேசக்கூடாது. பேசினால் அலைவரிசை அடைத்துவிடும். "கேட்டுச்சுன்னா இறக்கையை ஆட்டு" என்பதுதான் உத்தரவு. ஒரே ஓடுபாதையில் வண்ணப் புள்ளிகள் வரைந்து, நீ இந்தப் புள்ளியில் இறங்கு, நீ அந்தப் புள்ளியில் இறங்கு என்று கன்ட்ரோலர்கள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு முறை கேட்டவர்கள் விடமாட்டார்கள்.

யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒரு படி மேலே போய், தன் விமானங்களில் பயணிகளே சீட்டில் உட்கார்ந்து இதைக் கேட்க 'சேனல் 9' என்ற வசதியை வைத்தது. கேப்டன் அனுமதித்தால் மட்டும்.

பூட்டுப் போடாமல் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்?

பாதுகாப்புக்காகத்தான். ஒரே அலைவரிசையில் இருக்கும் எல்லா பைலட்டுகளும் மற்றவர்கள் பேசுவதையும் கேட்கிறார்கள். யார் எங்கே வருகிறார், யாருக்கு என்ன அனுமதி கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். தவறு நடந்தால் மூன்றாவது ஆள் குரல் கொடுக்க முடியும்.

2017 ஜூலை 7 இரவு சான் பிரான்சிஸ்கோவில் அதுதான் நடந்தது. ஏர் கனடா விமானம் ஒன்று ஓடுபாதை என்று நினைத்து, பக்கத்தில் இருந்த டாக்ஸிவேயை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே புறப்படக் காத்திருந்த நான்கு விமானங்கள் வரிசையில் நின்றிருந்தன. வரிசையில் முதலில் நின்ற யுனைடெட் பைலட், "இவர் எங்கே போகிறார்? டாக்ஸிவேக்கு மேலே வருகிறார்" என்று ரேடியோவில் சொன்னார். சுமார் 60 அடி உயரம் வரை இறங்கிவிட்ட ஏர் கனடா விமானம் மேலே எழும்பித் தப்பியது. சில விநாடிகள் தாமதித்திருந்தால் விமான வரலாற்றின் மிகப்பெரிய விபத்துகளில் ஒன்றாகியிருக்கும்.

பொடோமாக் விபத்தில் இந்தப் பொது அலைவரிசைதான் இல்லாமல் போனது. ஹெலிகாப்டர் ஒரு அலைவரிசையில், விமானம் இன்னொன்றில். கன்ட்ரோலருக்கு இரண்டும் கேட்டது. ஆனால் விமானத்தின் பைலட்டுகளுக்கு ஹெலிகாப்டரின் குரலோ, ஹெலிகாப்டருக்கு விமானத்தின் குரலோ கேட்க வழியில்லை. விபத்துக்குப் பிறகு ஆடியோ தேடியவர்கள்கூட இரண்டு தனித்தனி பதிவுகளை ஒட்டித்தான் முழு உரையாடலையும் உருவாக்க வேண்டியிருந்தது.

பொழுதுபோக்கு, சாட்சியாக மாறியது எப்படி?

விமானத்தின் காக்பிட் குரல் பதிவுக் கருவி, அதாவது கறுப்புப் பெட்டிகளில் ஒன்று, எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்க விமானங்களில் அது கடைசி 2 மணி நேரத்தை மட்டுமே வைத்திருந்தது. அதற்கு முந்தையது தானாகவே அழிந்துவிடும். விபத்து நடந்தால் பதிவு அங்கேயே நின்றுவிடும், பிரச்சினை இல்லை. ஆனால் மயிரிழையில் தப்பினால்? விமானம் தொடர்ந்து பறக்கும், பதிவும் மேலெழுதப்பட்டுவிடும்.

சான் பிரான்சிஸ்கோ சம்பவத்தில் ஏர் கனடாவின் பதிவு அப்படித்தான் போனது. 2023 ஜனவரி 13 அன்று கென்னடி விமான நிலையத்தில், டெல்டா விமானம் புறப்பட ஓடிக்கொண்டிருந்தபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் அதே ஓடுபாதையைக் குறுக்கே கடந்தது. கன்ட்ரோலர் கத்தி டெல்டாவை நிறுத்தினார். அமெரிக்கன் விமானம் அதன்பின் லண்டனுக்கே பறந்துவிட்டது. காக்பிட் பதிவு அழிந்தது. 2024 ஜனவரி 5 அன்று நடுவானில் கதவுப் பலகை பிய்த்துக்கொண்டு போன அலாஸ்கா ஏர்லைன்ஸ் போயிங் விமானத்திலும் இதே கதைதான். அதன் பிறகே, 25 மணி நேரப் பதிவு கட்டாயம் என்று 2024-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

கட்டுப்பாட்டு மையங்களின் அதிகாரபூர்வப் பதிவு விசாரணையாளர்களுக்கு எப்படியும் கிடைக்கும். பொதுமக்கள் அதைக் கேட்க வேண்டுமானால் மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்வலர்களின் ஆன்டெனா செய்த வேலை, அந்தக் காத்திருப்பை நீக்கியது.

இதன் முழு அர்த்தமும் தெரிந்தது 2025-ல், நியூயார்க்கை ஒட்டிய நெவார்க் விமான நிலையத்தில். ஏப்ரல் 28 அன்று, நெவார்க் விமானங்களை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கையாளும் மையத்தில் ரேடாரும் ரேடியோவும் சுமார் 90 விநாடிகள் செத்துப்போயின. வானத்தில் விமானங்கள், திரையில் ஒன்றுமில்லை. கன்ட்ரோலர்கள் சிலர் மன அதிர்ச்சிக்கான விடுப்பில் போனார்கள். மே 9 அதிகாலை மறுபடியும் திரை இருண்டது. இந்த முறை ஒரு கன்ட்ரோலர், ஃபெடெக்ஸ் பைலட்டிடம் அலைவரிசையிலேயே சொல்லிவிட்டார்: திரை மறுபடியும் கறுப்பாகிவிட்டது, அக்கறை இருந்தால் உங்கள் நிறுவனத்திடம் சொல்லி இதைச் சரிசெய்ய அழுத்தம் கொடுங்கள் என்று.

அரசுத் துறையின் அறிக்கைகளில் 'தொலைத்தொடர்புக் கோளாறு' என்று ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. களைத்துப்போன ஒரு மனிதரின் குரலாக மக்களின் காதில் விழுந்ததும் விவகாரம் வேறு மாதிரி ஆனது.

ஆனால், காதில் விழுவதெல்லாம் முழு உண்மையா?

இங்கேதான் கவனம் தேவை. பொடோமாக் ஆடியோ வந்த இரவிலேயே சமூக வலைதளங்கள் தீர்ப்பு எழுதிவிட்டன. 'கன்ட்ரோலர் தெளிவாகத்தானே சொன்னார், ஹெலிகாப்டர்காரர்கள் கேட்கவில்லை' என்று ஒரு கூட்டம். 'கன்ட்ரோலர்தான் தாமதம்' என்று இன்னொரு கூட்டம்.

இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 14 அன்று, தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமண்டி சொன்ன தகவல் எல்லாவற்றையும் குழப்பியது. ஹெலிகாப்டரின் காக்பிட் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். விமானம் வேறு ஓடுபாதைக்காக 'சுற்றி வருகிறது' என்று கன்ட்ரோலர் சொன்ன அந்த ஒரு சொல், ஹெலிகாப்டருக்குள் கேட்காமல் போயிருக்கலாம். 'பின்னால் கடந்து போங்கள்' என்ற உத்தரவிலும் முக்கியமான பகுதி விழுந்திருக்காமல் இருக்கலாம். காரணம், அந்த நேரத்தில் ஹெலிகாப்டரின் மைக் பொத்தான் 0.8 விநாடி அழுத்தப்பட்டிருந்தது. இந்த ரேடியோவில் பேசும்போது கேட்க முடியாது, கேட்கும்போது பேச முடியாது.

அதாவது வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு முழுசாகக் கேட்ட வாக்கியம், அதைக் கேட்டே ஆகவேண்டியவர்களின் காதில் பாதிதான் விழுந்திருக்கலாம். தரையில் இருக்கும் ஆன்டெனா தனக்குக் கிடைத்ததைத்தான் பதிவு செய்யும். காக்பிட்டுக்குள் என்ன கேட்டது என்பது அதற்குத் தெரியாது. கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆடியோவை ஓட்டும் சேனல்களும்தான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் சியாட்டில் விமான நிலையத்தில் ஒரு தரைப் பணியாளர், காலியாக நின்ற விமானத்தை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கன்ட்ரோலர் அவரிடம் பொறுமையாகப் பேசினார். கடைசியில் அந்த மனிதர் உயிரிழந்தார். மனம் உடைந்த ஒருவரின் கடைசி உரையாடல் சில மணி நேரத்தில் இணையத்தில் பரவி, மீம்களாகவும் மாறியது. அவருக்குக் குடும்பம் இருந்தது. அந்தக் கன்ட்ரோலரும் ஒரு மனிதர்தான். விபத்து விசாரணையில் கட்டுப்பாட்டு மையங்களின் பதிவுகளுக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் சொல்வதன் பின்னணி இதுதான். ஆர்வலர்களின் பதிவு அந்த விதிக்கு வெளியே நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1986-ம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு தனியுரிமைச் சட்டம் ஒட்டுக்கேட்பைத் தடுக்கிறது. ஆனால் கப்பல், விமான ரேடியோவுக்கு அதிலேயே விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் தாராளமாகக் கேட்கலாம், நேரலையும் செய்யலாம்.

பிரிட்டனில் தலைகீழ். ஸ்கேனர் வாங்கி வைத்திருப்பது குற்றமில்லை. அதில் விமான ரேடியோவைக் கேட்பது 2006-ம் ஆண்டின் வயர்லெஸ் சட்டப்படி குற்றம். அதனால்தான் ஹீத்ரோ போன்ற பரபரப்பான விமான நிலையத்துக்கு லைவ்ஏடிசியில் நேரலை கிடையாது. ஜெர்மனியிலும் அனுமதி இல்லை.

இந்தியாவில் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்று 1933-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் இப்போது தொலைத்தொடர்புச் சட்டம் 2023 வந்திருக்கிறது. செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். அமெரிக்கச் சட்டத்தில் இருப்பதுபோல 'விமான ரேடியோவை யாரும் கேட்கலாம்' என்ற வெளிப்படையான விலக்கு இங்கே கிடையாது. ஆர்வம் இருப்பவர்கள், விமான சிமுலேட்டர் விளையாட்டில் தன்னார்வலர்களே கன்ட்ரோலராகப் பேசும் 'வேட்சிம்' போன்ற தளங்கள் பக்கம் போகலாம். அதில் இந்திய விமான நிலையங்களும் உண்டு, எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை.

அகமதாபாத்தில் என்ன ஆனது?

2025 ஜூன் 12. அகமதாபாத்திலிருந்து லண்டன் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஒரு நிமிடத்துக்குள் விழுந்தது. விமானத்தில் 241 பேர், தரையில் 19 பேர் என 260 பேர் உயிரிழந்தனர். ஒரே ஒரு பயணி பிழைத்தார்.

விமானத்தின் நகர்வை மக்கள் அன்றே பார்த்தார்கள். 'ஃபிளைட்ரேடார்24' தளமும் தன்னார்வலர்களின் ஆன்டெனாக்களால்தான் இயங்குகிறது. 625 அடியில் சிக்னல் நின்றது என்பது சிறிது நேரத்திலேயே தெரிந்துவிட்டது. பேச்சு மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பியது. 'உந்துவிசை இல்லை, சக்தி குறைகிறது, மேலே எழும்ப முடியவில்லை' என்று பைலட் கடைசியாகச் சொன்னதாக ஒரு வாசகம் செய்திகளிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. பலரும் அதை நம்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து வந்த விபத்து விசாரணைப் பிரிவின் முதற்கட்ட அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: இந்திய நேரப்படி பிற்பகல் 1 மணி 39 நிமிடம் 5-வது விநாடியில் 'மேடே' என்று மூன்று முறை அழைப்பு. கன்ட்ரோலர் விமானத்தின் அழைப்புப் பெயரைக் கேட்டார். பதில் இல்லை. அந்த நீண்ட வாசகம் அறிக்கையில் எங்கேயும் இல்லை.

அகமதாபாத்தில் ஒரு நேரலை ஆன்டெனா இருந்திருந்தால் விபத்தின் காரணம் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. எரிபொருள் சுவிட்சைப் பற்றி பைலட்டுகள் பேசிக்கொண்டது காக்பிட்டுக்குள், ரேடியோவில் இல்லை. ஆனால் இல்லாத ஒரு வாசகம், இறந்துபோன பைலட்டின் வாயில் ஒரு மாதம் வைக்கப்பட்டிருக்காது.

இனி எவ்வளவு நாள் கேட்கும்?

சட்டம் இல்லாமலேயே இந்தப் பொழுதுபோக்கு தேய ஆரம்பித்திருக்கிறது. குரலுக்குப் பதிலாக எழுத்துச் செய்தி அனுப்பும் முறை வேகமாகப் பரவுகிறது. அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களில், எந்த வழியில் பறக்க வேண்டும் என்ற அனுமதி காக்பிட் திரைக்கு மெசேஜாகவே போய்விடுகிறது. பைலட் பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொள்கிறார். எண்ணைத் தவறாகக் கேட்கும் ஆபத்து குறைகிறது, கன்ட்ரோலருக்கும் சுமை குறைகிறது. கூடவே, மற்ற பைலட்டுகள் அதைக் கேட்கும் வாய்ப்பும் இல்லாமல் போகிறது.

தரையிறங்கும்போதும் புறப்படும்போதும் இன்னும் குரல்தான். அங்கே மெசேஜ் டைப் செய்ய நேரம் இருக்காது. ஆனால் கடலுக்கு மேலே நிலைமை எப்போதோ மாறிவிட்டது. வங்காள விரிகுடாவைக் கடக்கும் விமானங்களைக் கையாளும் சென்னை மையத்துக்கும், கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்ட விமானத்துக்கும் நடுவே இப்போது ஓடுவதில் பெரும்பகுதி எழுத்துதான். சாதாரண ரேடியோ எட்டாத அந்த தூரத்தில் குரல் தேவைப்பட்டால் இருக்கிறது இரைச்சல் நிறைந்த பழைய எச்.எஃப். ரேடியோ.